ஆமையை ஐந்து முறை காப்பாற்றியவர்

“மறுபடியும் நீயா!”

ஏரிக்கரைச் சாலையின் நடுவில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு எழுத்தர் தலையில் கைவைத்துக்கொண்டார். நேற்று தண்ணீரில் கொண்டுபோய் விட்ட அதே ஆமை. ஓட்டின் ஓரத்தில் அதே விரிசல். எந்த அவசரமும் இல்லாத அதே நடை.

அவருக்கு ஏரிப் பாதுகாப்பு அலுவலகத்தில் வேலை. போன வாரம் ஒரு லாரி இரண்டு ஆமைகளை நசுக்கிவிட, செய்தித்தாளில் படமே வந்துவிட்டது. “இன்னொரு ஆமை ரோட்ல அடிபடட்டும், அன்னிக்கே உமக்கு ட்ரான்ஸ்ஃபர்” என்று அதிகாரி சொல்லியிருந்தார். மகளுக்கோ இது கடைசி வருடப் படிப்பு.

எழுத்தர் ஆமையைத் தூக்கினார். அதுவும் நேற்றைப் போலவே அவருடைய பேன்ட்டை நனைத்தது.

“ரெண்டு நாளா ஏங்க இப்படி நாறுது?” என்றாள் மனைவி, பேன்ட்டை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு.

“ஆமை மேல போயிடுச்சு.”

“ஆபீஸ்ல அத்தனை பேர் இருக்காங்க. அதுக்கு உங்க மேலதான் போகணுமா?”

மூன்றாம் நாளும் அது வந்தது. எழுத்தருக்குப் பொறுமை போய்விட்டது. ஆமையை வாளியில் போட்டு, ஸ்கூட்டரில் வைத்து, ஏரியை முக்கால் மணி நேரம் சுற்றிப்போய் அக்கரையில் விட்டார். “இனி வந்துதான் பாரேன்” என்று சவாலும் விட்டார்.

அவர் சுற்றிப் போனார். அது நேராக நீந்தி வந்துவிட்டது. நான்காம் நாள் காலையில் சரியாகச் சாலை வளைவில் நின்றது. பாய்ந்து போய்த் தூக்கியவரை இடிக்காமல் இருக்க ஒரு பஸ் கிறீச்சிட்டு நின்றது.

“சாவறதுக்கு வேற வண்டி கிடைக்கலையா?” என்று கத்தினார் நடத்துனர்.

அன்று சாயங்காலமே எழுத்தர் பழைய மீன் வலை வாங்கி, கழி நட்டு, சாலையோரம் முழுக்கக் கட்டினார். கையெல்லாம் கொப்புளம்.

ஐந்தாம் நாள், ஆமை வலையை ஒட்டியே நடந்து, வலை முடிகிற இடத்தில் சாலைக்கு ஏறியது. அது நாற்சந்தி. எழுத்தர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடுவில் நின்றார். நாலு பக்கமும் வண்டிகள் நின்றன, ஹாரன்கள் அலறின. மூன்றாவது காரிலிருந்து அதிகாரி இறங்கி வந்தார்.

“என்னய்யா கூத்து இது?”

“நீங்கதானே சார் காப்பாத்தச் சொன்னீங்க!” எழுத்தர் ஆமையை வாரி எடுத்தார். “அஞ்சு நாளா தூக்கித் தூக்கித் தண்ணியில விடறேன் சார். நன்றி கெட்டது, செத்தே தீருவேன்னு நிக்குது. என் வேலைக்கு உலை வைக்கத்தான் பொறந்திருக்கு!”

நெரிசலில் மாட்டிக்கொண்ட மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். ஆமையை அவர் கையிலிருந்து வாங்கினாள். பின்னங்காலுக்கு முன்னால் விரலை விட்டு மெல்லத் தடவிப் பார்த்தாள். சாலைக்கு அந்தப் பக்கம் வெயிலில் கிடந்த மணல்மேட்டையும் ஒரு முறை பார்த்தாள்.

“அட பாவி மனுஷா! வயிறு நிறைய முட்டையோட பிரசவத்துக்குக் கிளம்பினவளை, அஞ்சு நாளா நடுவழியில மடக்கி மடக்கி வீட்டுல கொண்டுபோய் விட்டது நீதானா?”