யன்னலோர ஆசனப் படலம்

இரும்பையும் இதயத்தையும் ஒருசேரத் துருப்பிடிக்க வைக்கும் கொழும்புக் கடலே, அக்கடலின் கரையோரமாய்ப் பெருமூச்செறிந்து ஓடும் மாலை ரயிலே, உங்களிருவரையும் வணங்கி, வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் ஐந்தாம் மாடிக்கு அதிபதியும், புறக்கோட்டை இரும்புக்கடைக் கணக்குகளைக் கண்ணாடிக்கு மேலால் நோக்கியே நடுங்க வைப்பவனும், வலது முழங்கால் வீங்கிய மாவீரனுமாகிய சவுந்தரநாயகத்தின் புகழைப் பாடப் புகுகிறோம். கேட்போர் தத்தம் கைபேசிகளைச் சற்றுப் பைக்குள் வைப்பார்களாக.

அந்த ரயிலின் கடைசிப் பெட்டியில் ஓர் அரசு நடந்துவந்தது. மருதானையிலேயே ஏறிவிடும் தெஹிவளை ஹபீஸ், கடல் பார்த்த யன்னலோர ஆசனத்தில் கைக்குட்டையை விரித்துக் காவல் காப்பான். கோட்டையில் ஏறுவோருள் கதை சொல்பவனுக்கே அவ்வாசனம்; ஏனையோர் கம்பியைப் பிடித்துத் தொங்க வேண்டியதுதான். இருப்பவன் தன் வாயால் இன்னொருவனை இருக்கச் சொன்னாலன்றி அரியணை கைமாறாது.

நெடுங்காலம் அதில் வீற்றிருந்தவன் நம் சவுந்தரநாயகமே. அவன் பாடியதெல்லாம் கனடாவிலுள்ள தன் மகன் ஜனாவின் வெற்றிகளை: சோதனை பாஸ் பண்ணினான், வேலை கிடைத்தது, வீடு வாங்கினான், அதைவிடப் பெரிய வீடு வாங்கினான். வீட்டுக் குறையை வெளியாருக்குச் சொல்வது மானக்கேடு என்று வளர்ந்தவன் அவன். ஆகவே அவன் கதையில் எவரும் வழுக்கி விழுந்ததில்லை, ஒரு தடிமன் காய்ச்சல்கூட வந்ததில்லை. உப்பில்லாச் சொதியை எத்தனை நாள்தான் குடிப்பது? சபை கொட்டாவி விட்டது.

அவ்வேளை பார்த்துத் தன் கதையோடு புகுந்தான் பம்பலப்பிட்டிப் புடவைக்கடை மஷூர். ஒருகொடவத்தைச் சுங்க முற்றத்தில் அவன் கொள்கலனைத் திறந்தால் சேலைகளுக்குப் பதில் தண்ணீர்ப் பம்புகள். தலையில் கைவைத்து அவன் அழுத மறுநாள் வெள்ளம் வந்து பம்புக்கு அடிபிடி. ஆசைப்பட்டு இன்னொரு கொள்கலன் இறக்கினால் மழை நின்றுவிட்டது. வங்கியில் வேலை செய்யும் சுபோதினி காதிலிருந்த இயர்போனையே கழற்றிவிட்டாள். ஹபீஸிடம் கைக்குட்டையை மஷூருக்கு விரிக்கச் சொல்லி, நம் வீரனும் வேறு வழியின்றி எழுந்தான். அன்று தொட்டு அவன் நிற்கிறான். முழங்கால் நோகிறது, அதைவிட மனம் நோகிறது.

இவ்வாறு நின்று நின்று நொந்தவன், கொம்பனித்தெரு தாண்டிய ஒரு மாலையில், குலமானம் ஒருபுறமும் முழங்கால் மறுபுறமுமாக இழுபட்டு, இறுதியில் முழங்காலின் பக்கம் சாய்ந்து, தொண்டையைச் செருமிப் பிரகடனம் செய்தான்:

"நேற்று எங்கட வீட்டில பெரிய மானக்கேடு ஒண்டு நடந்தது!"

பெட்டி அடங்கியது.

மகளைப் பெண் பார்க்க வரும் நாள். இல்லாள் சரோஜினிதேவி பொரித்த ரோல்ஸ் பொன்னிறமாய் வந்தது. சபை மகிழ்ந்தது. வாழைப்பழம் வாங்கப்போன நாயகன் திரும்புகையில் மின்சாரம் நின்று லிஃப்ட் இரு மாடிகளுக்கிடையே தொங்கியது. சபை துணுக்குற்றது. உள்ளே அவன் முன்பின் கண்டிராத இன்னொரு பெரியவர். இருட்டில் பழம் பகிர்ந்து உண்டு இருவரும் உற்ற நண்பராயினர். சபை பெருமூச்சு விட்டது. அந்த நட்பின் மயக்கத்தில் நம்மவன், மாப்பிள்ளை வீட்டார் நேரம் தெரியாதவர்கள், தகப்பன் பெரிய கஞ்சனாம் என்று மனம்விட்டுக் கதைத்தான்.

"ஐயோ அங்கிள்!" என்றாள் சுபோதினி, தலையில் கைவைத்து.

பம்பலப்பிட்டி வந்தது. மஷூர் இறங்கவேண்டிய இடம். கதவருகே சிலர் இறங்கினர், சிலர் ஏறினர், சண்டை பிடித்தனர். மஷூரோ கல்லில் செதுக்கினாற்போல் இருந்தான்.

மின்சாரம் மீண்டது. லிஃப்ட் ஏறியது. ஐந்தாம் மாடியில் கதவு திறக்க, பட்டுச்சேலையுடன் நின்ற சரோஜினிதேவி, கணவனைக் கடந்து அந்தப் பெரியவரைக் கும்பிட்டு, "வாங்கோ சம்பந்தி, உங்களைத்தான் எல்லாரும் பாத்துக்கொண்டிருக்கினம்" என்றாள்.

இவ்விடத்தில் நாயகன் நிறுத்தினான். சூழ்ச்சியால் அன்று; மகளின் முகம் நினைவுக்கு வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அந்த இடைவெளியுள் அவன் இறங்கவேண்டிய வெள்ளவத்தை வந்தது, நின்றது, போயிற்று. ஒருவரும் காணவில்லை.

கொள்கலன்களின் வேந்தன் மஷூர் ஆசனத்தைவிட்டுத் துள்ளி எழுந்தான். "அண்ணே, நீங்க இரிங்க! இரிந்து சொல்லுங்க, பொறகு என்ன நடந்த?"

இழந்த நாட்டை மீட்ட வேந்தனாய் நாயகன் அமர்ந்தான். கடற்காற்று முகத்தில் பட்டது. முழங்கால் நெடுமூச்செறிந்தது. கண் கலங்கச் சொன்னான்: "மனுசன் உள்ளுக்கு வந்து இருந்தார். ரோல்ஸ் திண்டார். பிள்ளையைப் பாத்தார். போகேக்க என்ர தோளில தட்டி, 'கஞ்சன் எண்டது உண்மைதான், சீதனம் மிச்சம் பிடிக்கிறதில நீங்களும் கஞ்சனா இருங்கோ, எங்களுக்கு ஒண்டும் வேண்டாம்' எண்டிட்டுப் போனார்."

பெட்டி ஆர்ப்பரித்தது. ஹபீஸ் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தான். முடிசூடிய மன்னன் கால்களை நீட்டி, முதுகைச் சாய்த்து, கடலைத் தன் கடலாக ஒருமுறை நோக்கினான். அக்கணமே ரயில் தெஹிவளையில் நின்றது.

ஹபீஸ் வீட்டுக்குப் போனான், மற்ற எல்லோரும் பஸ் ஓடும் காலி வீதிக்கு நடந்து, பஸ்ஸில் இடமில்லாமல் நின்றுகொண்டே, தவறவிட்ட தத்தம் இடங்களுக்குத் திரும்பிப் போனார்கள்.