மோட்டோ என்று கத்தினேன்

மலாவி நாட்டுச் சோம்பாவில் இருக்கும் மரியாதைக்குரிய மாமாவுக்கு,

டர்பனிலிருந்து மருமகன் ஃபாக்சன் எழுதுவது. அங்கே நீங்களும் அத்தையும் ஆடுகளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். என் சுகத்தைக் கடைசியில் எழுதுகிறேன். முதலிலேயே எழுதினால் அத்தை மேற்கொண்டு படிக்க விடமாட்டார்.

"ஜூலு நம்ம பாஷை மாதிரிதான்டா, ஒரு வாரத்துல வந்துடும்" என்று சொல்லி அனுப்பினீர்கள். மாதிரிதான் மாமா. வினையே அதுதான். வந்த புதிதில் முற்றத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். சந்தில் யாரோ "இமோட்டோ! இமோட்டோ!" என்று கூவினார்கள். நமக்கு மோட்டோ என்றால் நெருப்பல்லவா? வாளியோடு ஓடி, புகைவிட்டபடி வந்த ரொட்டி வண்டிக்குள் அத்தனை அழுக்குத் தண்ணீரையும் ஊற்றினேன். இவர்களுக்கு அது கார் என்பது, வண்டிக்காரன் என் சட்டையைப் பிடித்து உலுக்கியபோதுதான் தெரிந்தது. நனைந்த ரொட்டியையெல்லாம் என் தலையில் கட்டிவிட்டான். அதையே தின்று தீர்த்தேன். இவர்களுடைய மக்காச்சோளக் களி மணலாய் உதிர்கிறது, நம் ஊர்க் களி போல உருட்ட வராது.

பக்கத்துத் தகரக் கொட்டகையில் ஷேஸி என்ற பெரியவர். அன்றிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம், "டேய் மலாவி, சிகரெட் பத்தவைக்கணும், கொஞ்சம் கார் இருந்தா குடுடா!" என்பார். சந்தே சிரிக்கும். எனக்கும் சிரிப்பு வந்துவிடும். அவருக்குக் காலில் ஆறாத புண். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவர் தங்கை தோகோ ஒரு காருக்குச் சொல்லியிருந்தார். செவ்வாய்க்கிழமை காலை பெரியவர் அதற்காகத்தான் காத்திருந்தார். அப்போது பின்வரிசையில் யார் வீட்டிலோ மண்ணெண்ணெய் அடுப்பு வெடித்தது. நல்ல காற்று. முதலில் பார்த்தவன் நான். கற்ற ஜூலுவெல்லாம் எங்கே போயிற்றோ, அம்மா தந்த சொல்தான் வாயில் வந்தது. "மோட்டோ! மோட்டோ!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். சந்திலிருந்த பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, கார் போக வழிவிட்டு ஓரமாக நின்றார்கள் மாமா. பெரியவர் கதவைத் தட்டினேன். "வந்துடுச்சா? அட, இன்னிக்குச் சரியாச் சொல்லிட்டியேடா! இருக்கச் சொல்லு, ஷூ மாட்டிக்கிறேன்" என்றார் உள்ளேயிருந்து. புண் காலில் ஷூ சட்டென்று ஏறுமா? உள்தாழ்ப்பாள் வேறு. தோளால் இடித்தேன், கையால் தகரத்தைப் பிய்த்தேன். "உம்லீலோ" என்று நெருப்புக்கு இவர்கள் சொல்லும் சரியான சொல் நாக்குக்கு வந்தபோது கூரை எரிந்து அவர்மேல் இறங்கிவிட்டது.

என்ன கத்தினாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். இடது கையில் கட்டு, மற்றபடி சுகம். வாய் திறக்கவே பயமாயிருக்கிறது. கடையில் உப்பு வேண்டுமென்றாலும் விரலைக் காட்டுகிறேன். சனிக்கிழமை பஸ்ஸில் ஊருக்கே வந்துவிடுகிறேன். தம்பி லைசனை இங்கே அனுப்பும் யோசனையை விட்டுவிடுங்கள்.

ஆண்டவர் உங்கள் வீட்டுக் கூரைமேல் கை வைத்துக் காக்கட்டும்.

பணிவுள்ள மருமகன்,
ஃபாக்சன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் தோகோ அக்கா வந்தார். நானே எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டேன். என் கைக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "கதவைத் தட்டினது நீ ஒருத்தன்தான்டா. சனிக்கிழமை அண்ணனை ஊருக்கு எடுத்துட்டுப் போறோம். சவப்பெட்டி தூக்க எங்க வீட்ல ஆம்பளை இல்ல. நீ வா" என்றார். எல்லாம் ஜூலுதான், ஆனால் ஒரு சொல்லைக்கூட அவர் எனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பஸ்ஸை எதிர்பார்த்து நிற்காதீர்கள் மாமா.