விலாசத்தில் இல்லை

உயிர் போனாலும் ஜன்னலோரச் சாய்வு நாற்காலியை மாமியாருக்கு விட்டுக்கொடுப்பதில்லை என்று ரப்பர் ஸ்டாம்பு கடைக்காரர் முடிவு செய்துவிட்டார். மாலையில் அதில் சாய்ந்தால் திரைச்சீலை பாய்மரமாகும், வீடு மெல்ல மிதக்கத் தொடங்கும். போன முறை மாமியார் வந்தபோது கப்பல் கைமாறிவிட்டது. மனுஷன் ஒரு மாதம் முக்காலியில் கரை ஒதுங்கிக் கிடந்தார்.

அதனால், அம்மாவை வரச்சொல்லி மனைவி எழுதிய கடிதத்தைத் தபாலில் போடாமல் பையிலேயே வைத்திருந்தார். "ஏன் பதிலே வரல?" என்று அவள் தினமும் கேட்க ஆரம்பித்தாள்.

கடைச் சுவரில் அவர் தலைக்கு மேலே பெரிய எழுத்தில் ஒரு பலகை உண்டு: 'தபால், அரசாங்க முத்திரைகள் செய்து தரப்படாது. சட்டப்படி குற்றம்.' அதன் அடியிலேயே உட்கார்ந்து, நிலா மாதிரி வட்டமாக ஒரு தபால் முத்திரை வெட்டினார். நடுவில் 'விலாசத்தில் இல்லை'. பையிலிருந்த கடிதத்தின் கவரில் குத்திப் பார்த்தபோது அவருக்கே கண் கலங்கியது. அவ்வளவு அழகு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து நீட்டினார். "திரும்பி வந்துடுச்சு. தபால்காரர் கடையில குடுத்துட்டுப் போனாரு."

மனைவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "முத்திரை ரொம்ப நல்லா விழுந்திருக்கு."

அவருக்கு உச்சி குளிர்ந்தது. "ஒரு எழுத்தாவது கலங்கியிருக்கா பாரு."

"அதான் இடிக்குது. தபால் ஆபீஸ் முத்திரையை என்னைக்காவது படிக்க முடிஞ்சிருக்கா?"

அவர் கவரைத் திரும்ப வாங்கக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"சட்டப்படி குத்தம்னு கடையில பலகை எழுதிக் குடுத்ததே நான்தானே?"

"வீட்டுக்குள்ள ஒரு விளையாட்டுக்கு..."

"வீட்டுக்குள்ளன்னா பரவால்லன்னு சட்டத்துல இருக்கா? இந்தக் கவர் என் பீரோவுல இருக்கட்டும். அம்மாவப் பத்தி வாயத் திறந்தா வெளிய வரும்."

அவர் கண்முன் சிறைச்சாலை விரிந்தது. உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல், இளவெயில், அமைதி. மாமியாரே இல்லை. உள்ளபடியே ஆசையாக இருந்தது. மிச்சக் கனவைச் சாய்ந்துகொண்டே காணலாம் என்று ஜன்னலை நோக்கி நடந்தார்.

அவர் உட்காருமுன்பே நாற்காலி கிறீச்சிட்டது. கால்மேல் கால் போட்டு மாமியார் சாய்ந்திருந்தார்.

"மக மத்தியானம் போன் பண்ணா, கிளம்பி வந்துட்டேன். முத்திரையில தப்பே இல்ல மாப்பிள்ளை, நான் அந்த விலாசத்துல இல்லதான். அந்த முக்காலிய இழுத்துப் போட்டு உக்காருங்க."