மின்மினிப் பூச்சியின் நிறம்

"அப்பா, என்ர சைக்கிள் எங்கை?"

"கண்ணை மூடிக்கொண்டு கராஜுக்குள்ள வா," என்றார் றெஜினோல்ட்.

அப்பா கண்ணை மூடச் சொன்னால் ஏதோ விபரீதம் நடந்து முடிந்துவிட்டது என்று அர்த்தம். ஜெசிந்தன் கண்ணை மூடவில்லை. எதிரே தீயணைப்பு வண்டி மாதிரிச் செக்கச் சிவப்பாக ஒரு சைக்கிள் நின்று மினுங்கியது.

"யோகலிங்கத்தின்ர கராஜில அடிச்சது. கார் பெயின்ற். ஜென்மத்துக்கும் போகாது!"

ஜெசிந்தன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

லூசியோல் என்றால் பிரெஞ்சில் மின்மினிப் பூச்சி. ஒரு காலத்தில் பிரான்சின் கிராமத்துச் சாலைகளில் தபால்காரர்களும் காதலர்களும் லூசியோல் சைக்கிளில்தான் போனார்களாம். எண்பதுகளின் நடுவில் தொழிற்சாலை மூடப்பட்டது. இப்போது மதாம் லெரூ என்ற பெண் அதை மறுபடியும் திறக்கிறாள். பழைய அச்சுகள் கிடைத்துவிட்டன, நிறம்தான் கிடைக்கவில்லை. அந்தப் பெயர்பெற்ற பச்சையை எப்படிக் கலந்தார்கள் என்று சொல்ல ஒருவரும் மிச்சமில்லை. ஊர் ஊராகப் போய்ப் பழைய லூசியோல்களைப் பார்க்கிறாள். நிறம் கெடாத சைக்கிளை வைத்திருப்பவர்தான் வசந்தத்தில் திறப்பு விழா ஊர்வலத்துக்குத் தலைமை தாங்குவார்.

நாளைக்கு அவள் ஜெர்மனியில் இவர்கள் இருக்கும் பான் நகரத்துக்கு வருகிறாள். பழைய சாமான் சந்தையில் ஜெசிந்தன் கண்டெடுத்த லூசியோலில், துருவுக்கு நடுவே உள்ளங்கை அளவுக்கு அந்தப் பச்சை இருந்தது. கூடையில் நீள ரொட்டியோடு ஊர்வலத்தின் முன்னே தான் போவதை அவன் தினமும் பஸ்ஸில் கனவு கண்டுகொண்டிருந்தான்.

"நாலு சனம் வாற இடம்," என்றார் றெஜினோல்ட். "துருப்பிடிச்ச சைக்கிளோட போனால், தகப்பன் என்ன செய்யிறான் எண்டு கேக்கமாட்டினமோ?"

"அந்தப் பழசுக்குத்தான் அப்பா மதிப்பு!"

"பழசுக்கு மதிப்போ? அப்ப என்னைக் கொண்டுபோய் நிப்பாட்டு." அவர் குனிந்து, சைக்கிளின் கழுத்தில் இருந்த மின்மினிச் சின்னத்தைப் பார்த்தார். "ஆனால் இந்தப் பூச்சியை எங்கையோ கண்ட மாதிரிக் கிடக்கு. அதைச் சுத்தித்தான் அடிப்பிச்சனான்."

"எங்கட குசினியில கண்டிருப்பியள்," என்றாள் அம்மா வெரோனிக்கா, வாசலில் நின்றபடி.

றெஜினோல்டுக்கு எதுவும் புதிதாகவே இருக்க வேண்டும். வீட்டு ரிமோட்டுக்குப் பொலித்தீன் உறை. சோபாவுக்கு உறை, அந்த உறைக்கும் ஓர் உறை. அவருடைய சொந்தச் சைக்கிளைக் கேட்கவே வேண்டாம். எண்பத்துநான்கில் அகதியாக ஆஹென் நகரத்தில் வந்து இறங்கியபோது ஒரு கன்னியாஸ்திரி கடையில் புதிதாக வாங்கிக் கொடுத்தது. யாழ்ப்பாணத்தில் செய்வதுபோல, ஏறி ஓட முதலே அதன் சட்டம் முழுவதையும் பொலித்தீனால் சுற்றிவிட்டார். அது கிழிந்தபோது மேலே இன்னொன்று, அதற்குமேல் கறுப்பு ஒட்டு ரேப். இப்போது அது சைக்கிளா, கட்டுப்போட்ட நோயாளியா என்று சொல்வது கடினம். பள்ளிக்கூட நாட்களில் ஜெசிந்தன் இரண்டு தெரு முன்னாலேயே அதிலிருந்து குதித்து இறங்கிவிடுவான்.

அன்று பின்னேரம் அவன் பெயின்ற் கரைக்கும் தின்னர் வாங்கி வந்து சிவப்பைத் துடைத்தான். சிவப்பு போனது. கூடவே பச்சையும் போனது. பூச்சியில் வால் மட்டும் மிஞ்சியது.

"அழாதை, நான் கீறித் தாறன்," என்றாள் தங்கை அன்ரனிற்றா. நகப்பூச்சுக் குப்பிகளோடு உட்கார்ந்து தலை வைத்தாள், கால் வைத்தாள், ஆசைப்பட்டு மீசையும் வைத்தாள்.

"இது கரப்பான் பூச்சியடி!"

"பிரெஞ்சுக் கரப்பான்."

சட்டம் வெள்ளிபோலப் பளபளத்தது. கொஞ்சமாவது பழசாகத் தெரியட்டும் என்று ஜெசிந்தன் உப்பும் தேயிலைச் சாயமும் பூசி வைத்தான். விடிந்தபோது சாயத்தைக் காணவில்லை.

"ஆரோ ஊத்தை பூசி வைச்சிருந்தது," என்றாள் அம்மா. "பூசைக்கு முதல் புளி போட்டுத் தேய்ச்சு விட்டனான். குத்துவிளக்கு மாதிரி இருக்கு, பார்!"

றைன் ஆற்றங்கரையில் மதாம் லெரூ அந்தக் குத்துவிளக்கை மூன்று முறை சுற்றி வந்தாள். பிறகு குனிந்து மணந்து பார்த்தாள்.

"இது என்ன வாசம்?" என்று ஜெர்மனில் கேட்டாள்.

"புளி," என்றான் ஜெசிந்தன், தலை குனிந்தபடி.

"இது என்ன பூச்சி?"

அன்ரனிற்றா மேகங்களைப் பார்த்தாள்.

மதாம் பெருமூச்சு விட்டாள். "வருத்தப்படாதே. எங்கேயும் இதே கதைதான். வெயிலில் வெளிறியிருக்கும், அல்லது யாராவது அன்பு மிகுதியில் பெயின்ற் அடித்திருப்பார்கள். புதிய சைக்கிள்களுக்கு ஏதோ ஒரு பச்சையைப் பூச வேண்டியதுதான்."

அவள் கிளம்பத் தயாரானபோது றெஜினோல்ட் மூச்சிரைக்க ஓடி வந்தார். கையில் ஒரு பை நிறைய மீன் ரோல்ஸ்.

"அப்பா, நீங்கள் ஏன் வந்தனீங்கள்?"

"அந்த அம்மாவிட்டை உண்மையைச் சொல்ல. பெடியன்ர பிழை இல்லை, எல்லாம் இந்த மடையன்ர வேலை எண்டு." அவர் தன் ஜெர்மனில் அதை அப்படியே சொல்லி, ஒரு ரோலையும் நீட்டினார். மதாம் கடித்தாள், கண்கள் விரிந்தன, இன்னொன்று எடுத்தாள்.

ஜெசிந்தனுக்குக் கோபம் கரைந்து சிரிப்பு வந்துவிட்டது. "உங்கட சைக்கிளை எங்கை விட்டனீங்கள்?"

"வாசல்ல, சைக்கிள் பாக்கிற எங்கட தமிழ்ப் பிள்ளை யதுசாவிட்டை. எல்லாச் சைக்கிளுக்கும் நம்பர் ஒட்டினம். பிளாஸ்ரிக் கவனம் எண்டு சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்."

சொல்லி முடிக்கவில்லை, சைக்கிள் தரிப்பிடத்தில் நின்ற யதுசா கையைப் பிசைந்துகொண்டு ஓடி வந்தாள்.

"அங்கிள், கோவிக்காதேங்கோ, நம்பர் ஒட்டமாட்டன் எண்டிட்டுது, அதால கழுத்துப் பக்கத்துப் பிளாஸ்ரிக்கைக் கொஞ்சம் கிழிச்சுப்போட்டன், ஆனால் உள்ளுக்கு ஒண்டும் ஆகேல்லை, அந்தப் பச்சையும் மின்மினிப் பூச்சியும் புத்தம் புதுசா அப்பிடியே கிடக்கு!"