ஸ்டீரியோவைக் கழற்றிய பிறகும் பேசிய கார்

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. நைனா (அப்பா) வாங்கிய பழைய காரில் ஸ்டீரியோ தானாகவே சத்தம் போட்டது.
2. நான் அதைக் கழற்றினேன்.
3. கழற்றிய பிறகும் கார் பேசியது.
4. நைனா அதற்குப் பதில் சொன்னார்.

எங்களைக் கெடுத்தது நான்காவதுதான்.

எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. (சான்றிதழ் கைக்கு வரவில்லை. திமிர் வந்துவிட்டது.) ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலைக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிப்போக நைனாவின் காரைக் கேட்டிருந்தார்கள். மறுநாள் முதல் ட்ரிப். நைனாவோ காரைத் தொடமாட்டேன் என்றார். காரை விற்றது வெதுருகுப்பத்தில் ஒரு தெலுங்குக் குடும்பம். அதை ஓட்டிய பெரியவர் இறந்துபோயிருந்தார். பிச்சாட்டூர் அணை வளைவில், அணைத்து வைத்த ஸ்டீரியோவிலிருந்து யாரோ தொண்டையைச் செருமுவது போல மூன்று முறை சத்தம் வந்ததாம்.

"அவருதாம்மா. இன்னும் உள்ளயே குந்திக்கினு கீறாரு."

"லூஸ் கனெக்‌ஷன் நைனா. கழட்டிட்டா எங்க குந்துவாரு, பாக்கலாம்."

காரோடு கம்பெனியிலேயே பொருத்தி வந்த ஸ்டீரியோ. முதலில் பேட்டரி வயரைப் பிரித்தேன். ஸ்கேலை நுழைத்து முன்சட்டத்தை நெம்பினேன். கிளிப் ஒன்று உடைந்தது. (ஏற்கெனவே உடைந்திருந்ததாகச் சொன்னேன்.) நான்கு ஸ்க்ரூ, இரண்டு வயர்க்கொத்து. ஸ்டீரியோ என் மடிக்கு வந்தது. டேஷ்போர்டில் சதுரமாக ஒரு கறுப்பு ஓட்டை. பகல் பதினோரு மணி வெயிலிலும் அதன் அடி தெரியவில்லை.

"பாத்தியா? காலி."

ஓட்டைக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல் தெலுங்கில் சொன்னது: "நேனு இக்கடே உன்னா."

நான் இங்கேதான் இருக்கிறேன்.

கரண்டே இல்லாத காரில் குரல் வர வழியில்லை என்றது என் படிப்பு. நான் மடியிலிருந்த ஸ்டீரியோவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"பண்டி மாக்கு காவால," என்றது குரல், நிதானமாக. "இஸ்தாவா, லேதா?"

எங்களுக்கு வண்டி வேண்டும், தருவாயா, மாட்டாயா?

நைனா ஓட்டையைப் பார்த்துக் கைகூப்பினார். "நாக்கு ஒத்து சாமி! எனக்கு இந்த ட்ரிப்பும் ஒத்து, ஒண்ணும் ஒத்து! உட்டுடு சாமி!"

எனக்கு வேண்டாம், சாமி.

"சரே," என்றது குரல். சரி.

அவ்வளவுதான். நைனா தெருமுனையில் நின்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டைக்குள் கையை விட்டேன். சூடாக ஏதோ தட்டுப்பட்டது. நைனாவின் ஃபோன்.

டார்ச்சுக்காக அதை உள்ளே சாய்த்து வைத்தவள் நான். அது விளக்கு அடியில் மறையச் சரிந்ததைக் கவனிக்காதவளும் நான். நைனா ஓட்டும்போது கையை எடுக்க வேண்டாமென்று, மணி அடிக்காமல், வரும் அழைப்பைத் தானாகவே எடுத்து ஸ்பீக்கரில் பேசும்படி அதை மாற்றி வைத்தவளும் நானேதான். பேசியவர் தொழிற்சாலையின் வண்டி சூப்பர்வைசர். நான் 'காலி' என்றது காதில் விழுந்து, லைனில்தான் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

திரும்பக் கூப்பிட்டேன். வேறு வண்டி சொல்லியாகிவிட்டது.

"உங்க நைனா சாமி சாமின்னு அழுவுறாரும்மா. அவரைப் போயி எப்படிக் கட்டாயப்படுத்தறது?" என்றார், இந்த முறை தமிழில்.

இப்போதும் எங்கள் வீட்டில் யாரும் சாப்பாடு போதும் என்று சொல்வதில்லை. இலைக்கு மேல் கைகூப்பி, "நாக்கு ஒத்து சாமி" என்கிறார்கள். நைனா திருப்பதிப் பக்கம் மட்டும் ஓட்டுகிறார். நான் அதே தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். அந்த வேறு வண்டியில்தான் வேலைக்குப் போகிறேன். போன மாதம், அணை வளைவில் செருமிய அந்த ஸ்டீரியோவை அங்கே கொண்டுபோய், ஒவ்வோர் இணைப்பாகச் சோதித்தேன். எதிலும் எந்தக் கோளாறும் இல்லை.