மூன்றாம் பலகையில் பச்சைப் பொட்டு

அன்பும் மதிப்பும் மிக்க ஷீனா பெரியம்மாவுக்கு,

கிளாஸ்கோவிலிருந்து உங்கள் தங்கை மகள் எய்ல்சா வணக்கத்துடன் எழுதுவது. இன்வர்னெஸ்ஸில் நீங்களும் பெரியப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பெரியப்பாவின் முழங்கால் இப்போது மாடிப்படி ஏறுகிறதா? இங்கே அம்மா நலம். அப்பா கடலில் எண்ணெய் எடுக்கும் மேடை வேலையில் நலம், மாதக் கடைசியில்தான் வருவார். நான் மட்டும் நலமில்லை. போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். என் ஃபோனுக்கு வரும் செய்தியும் நான் அனுப்பும் செய்தியும் அம்மாவின் ஃபோனிலும் தெரியும்படி அப்பா செய்து வைத்திருக்கிறார். அதனால்தான் தாளும் தபால்தலையும். கேட்க வந்தது ஒன்றுதான். அடுத்த புதன்கிழமைக்குள் அம்மாவுக்கு ஃபோன் செய்து, உங்களுக்கு உடம்பு சரியில்லை, துணைக்கு எய்ல்சா வேண்டும் என்று சொல்லி என்னை அங்கே அழைத்துக்கொள்ள முடியுமா? பாத்திரம் கழுவுவேன். நாயை மழையிலும் கூட்டிப்போவேன்.

ஏன் என்று கேட்பீர்கள். எங்கள் தெருவின் கதை உங்களுக்குத் தெரியும். கீழே அம்மாவின் சலவைக்கடை, மேலே எங்கள் வீடு, பக்கத்தில் கிர்க்வுட் மாமாவின் கறிக்கடை, அதையடுத்து ரஃபீக் மாமாவின் மளிகை, மற்றவை எல்லாம் பலகை அடித்து மூடியவை. தெருக்கோடியில் மூடிக்கிடக்கும் பிங்கோ சூதாட்ட அரங்கின் கூரையில் ஒரு மரமே வளர்ந்துவிட்டது. இந்த லட்சணத்தைப் பார்த்துத்தான் ஒரு பெரிய கம்பெனி வந்து இறங்கியிருக்கிறது. கீழே கடைகள், நடுவில் அலுவலகங்கள், மேலே வீடுகள் என்று இருபத்திரண்டு மாடி கட்டுவார்களாம். "வசிக்க, வாங்க, உழைக்க, எல்லாம் ஓரிடத்தில்" என்று பிங்கோ அரங்கின் மேல் பெரிய பேனர் கட்டியிருக்கிறார்கள். அம்மா அதை அண்ணாந்து படித்துவிட்டு, "நான் பதினாறு வருஷமா மேல தூங்கி, கீழ வேலை பாத்து, பக்கத்துல கறி வாங்கிட்டுத்தான் இருக்கேன். இதுக்கு என்னை இடிக்கணுமாக்கும்?" என்றாள்.

பிறகு மக்களின் கருத்தைக் கேட்கிறோம் என்று தேவாலயக் கூடத்தில் மூன்று பெரிய பலகைகளை நிறுத்தினார்கள். முதல் பலகையில் எங்கள் கடைவரிசை அப்படியே இருக்கும், கூரையும் கழிவுநீர்க் குழாயும் மட்டும் புதிது. இரண்டாவதில் பாதி வரிசை. மூன்றாவதில் நாங்கள் யாரும் இல்லை, இருபத்திரண்டு மாடி மட்டும். சலவைக்கடை இருக்கும் இடத்தில் ஒரு நீரூற்று, அதன் பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண், மெலிந்த நாய், பளீரென்று வெயில். எங்கள் தெருவில் அப்படி ஒரு வெயில் அடித்து நான் பார்த்ததே இல்லை. பிடித்த படத்தில் பச்சைப் பொட்டு ஒட்ட வேண்டும், பிடிக்காததில் சிவப்பு. எடின்பரோவிலிருந்து வந்த ஃபிலிப்பா என்ற அக்கா மேசையில் பொட்டுகளையும் பிஸ்கட்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

யாரும் அந்தப் பக்கமே போகக்கூடாது என்று கிர்க்வுட் மாமா எங்கள் சலவைக்கடையில் நின்று தீர்மானம் போட்டார். "போனாலே கணக்குல சேத்துக்குவான். அவன் பிஸ்கட்ட ஒரு கடி கடிச்சா, முழுச் சம்மதம்னு எழுதிக்குவான்!" எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டிய ஒவ்வொருவரும் மற்றவருக்குத் தெரியாமல் போய், மூன்றாம் பலகையில் ஒரு சிவப்பை ஒட்டிவிட்டு, பிஸ்கட்டைத் தொடாமல் திரும்பிவிட்டார்கள். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், பெரியம்மா, நானும் போனேன்.

பள்ளி விட்டுப் போனபோது கூடத்தில் யாரும் இல்லை. ஃபிலிப்பா வாசலில் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். சிவப்பு ஒரு சின்ன அட்டைதான் கொண்டுவந்திருந்தார்கள், அது தீர்ந்து, எல்லாம் மூன்றாம் பலகையில் ஏறியிருந்தது; பிஸ்கட் தட்டு குறையவே இல்லை. பச்சை மட்டும் பெரிய சுருள், தொடாமல் கிடந்தது. அந்த நீரூற்றைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. அம்மா நிற்கும் இடத்தில் தண்ணீர் ஊற்றுகிறார்களே என்று, பச்சைப் பொட்டை எடுத்து நீரூற்றை மறைத்தேன். அப்புறம் அந்தப் பெண்ணை, அவள் நாயை, வெயிலை. அப்புறம் கட்டடத்தையே மறைத்துவிட்டால் யாரும் அதைப் பார்க்க முடியாதே என்று தோன்றியது. சன்னல் சன்னலாக ஒட்டினேன். கண்ணில் படாமல் மறைக்கத்தான் ஒட்டினேன், பெரியம்மா. எண்ணுவார்கள் என்று எனக்கு நினைவே வரவில்லை.

எண்ணிவிட்டார்கள். திங்கட்கிழமை எங்கள் கடைக் கதவிலேயே அறிவிப்பு ஒட்டியிருந்தது: மூன்றாம் திட்டத்துக்கு மக்களின் பேராதரவு, இருநூற்றுப் பதினாலு பச்சை. அன்று சலவைக்கடையில் இயந்திரங்கள் எல்லாம் சுற்றிக்கொண்டிருந்ததால் எல்லோரும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"நம்ம தெருவுல பூனையையும் சேத்து எண்ணினாக்கூட எம்பது தேறாதே! யாரு இந்த இருநூறு பேரு?" என்றார் ரஃபீக் மாமா.

"ஒரே ஆளுதான். காசு வாங்கின ஆளு," என்றார் கிர்க்வுட் மாமா. "வியாழக்கிழமை உன்னைக் கூடத்து வாசல்ல பாத்தேனே ரஃபீக்கு, அங்க என்ன பண்ணின?"

"என்னைப் பாக்கணும்னா நீயும் அங்க இருந்திருக்கணுமேய்யா! நீ எதுக்குப் போன?"

"நான் மழைக்கு ஒதுங்கினேன்."

"வியாழக்கிழமை மழையே இல்ல!"

"கிளாஸ்கோவுல மழை இல்லாத வியாழனா? யாருகிட்ட கதை விடற?"

அப்போது அம்மா குறுக்கே வந்தாள். எல்லோரையும்விட அம்மாவின் குரல்தான் மேலே நின்றது. "கிர்க்வுட்டு, நீ பேசாத! புது மாடி வந்தா உன் சாசேஜுக்கு இருநூறு வீடு புதுசா வாய் திறக்கும். உனக்குத்தான்யா லாபம்! யாரு ஒட்டினதுன்னு மட்டும் எனக்குத் தெரியட்டும், பெரிய மெஷின்ல போட்டு, கொதிக்கிற தண்ணியில ரெண்டு சுத்து விடுவேன்!" நான் ஓரத்தில் உட்கார்ந்து யாருடைய காலுறையையோ ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஜோடிகூடச் சேரவில்லை.

அதிலிருந்து தெருவே மாறிவிட்டது. கிர்க்வுட் மாமா பாலுக்கு இரண்டு தெரு தாண்டிப் போகிறார். ரஃபீக் மாமா தன் மேலங்கியை வீட்டுத் தொட்டியிலேயே துவைத்து, சொட்டச் சொட்டக் கடைக்குள் தொங்கவிட்டிருக்கிறார், மாவு மூட்டை மேல் சொட்டுகிறது. அம்மாவோடு இருவரும் பேசுவதில்லை. கம்பெனி வந்து இடிப்பதற்கு முன்னால் நானே இடித்துவிட்டேன் போலிருக்கிறது.

பயம் தாங்காமல் நேற்று ஃபிலிப்பாவிடம் போய் உண்மையைச் சொன்னேன். "அத்தனையும் நான்தான் ஒட்டினேன்," என்றேன். அவள் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"அத்தனையுமா! செல்லமே, உனக்கு இவ்வளவு ஆசையா?"

"ஆசை இல்லக்கா. பிடிக்காமத்தான் ஒட்டினேன். மறைக்கிறதுக்கு."

"முதல்ல எல்லாருக்கும் ஒரு பயம் இருக்கும்டா. நீ ஒட்டி ஒட்டியே அதைத் தாண்டிட்ட பாரு!" என்று சொல்லி, ஏதோ எழுதிக்கொண்டாள். முடிவு என்ன தெரியுமா பெரியம்மா? புதன்கிழமை மாநகராட்சி உறுப்பினர்கள் அதே கூடத்துக்கு வந்து எதை இடிப்பது என்று ஓட்டுப் போடப்போகிறார்கள். அதற்கு முன்னால் "இளைய தலைமுறையின் குரல்" என்று நான் மேடையேறி, மைக்கில், தெரு முழுவதற்கும் முன்னால், அம்மாவுக்கும் முன்னால், பேச வேண்டுமாம். என் பெயரை அச்சடிக்கக் கொடுத்துவிட்டாள்.

ஆகவே தயவுசெய்து செவ்வாய்க்கிழமையே உடம்பு சரியில்லாமல் போய்விடுங்கள். காய்ச்சல் போதாது, அம்மா நம்பமாட்டாள். இடுப்பு என்று சொல்லுங்கள். பெரியப்பாவுக்கு என் அன்பு. நாயின் முதுகில் ஒரு செல்லத் தட்டு. உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும், ஒழுகாத கூரையும், எவனும் திட்டம் போடாத தெருவும் கிடைக்க வேண்டுகிறேன்.

உங்கள் அன்புள்ள, நிம்மதியில்லாத
எய்ல்சா

பின்குறிப்பு: மேலே எழுதியதில் அம்மாவைப் பற்றியது எதையும் நம்ப வேண்டாம். உறையை ஒட்டுவதற்காக நக்கிக்கொண்டிருந்தபோது அம்மா போர்வையைத் தூக்கிவிட்டாள். கடிதம் முழுவதையும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து படித்தாள். கத்தவில்லை. "பச்சை எதுவரைக்கும் இருக்குன்னு நீ பாத்தியாடி?" என்று கேட்டாள். "பாதிக் கட்டடம் வரைக்கும்தான். அதுக்கு மேல வெறும் கண்ணாடி. அந்த நெட்டையன் கிர்க்வுட் ஒட்டியிருந்தா மேகத்துலகூட ஒட்டியிருப்பான். அந்த உயரத்தோட கை நின்னுபோற ஆளு நம்ம தெருவுல ஒருத்திதான்." அறிவிப்பு வந்த அன்று, கடையில் சண்டை வருவதற்கு முன்னாலேயே போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டாளாம்! அப்படியென்றால் கிர்க்வுட் மாமாவை ஏன் அந்தக் கத்து கத்தினாய் என்று கேட்டேன். "எல்லாரும் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துட்டு இருந்தாத்தான் யாரும் பலகைய நிமிந்து பாக்கமாட்டாங்க," என்றாள். நாளைக்குக் கிர்க்வுட் மாமா, ரஃபீக் மாமா இருவரிடமும் மன்னிப்புக் கேட்கப் போகிறாளாம், அவர்கள் துணியை இலவசமாகத் துவைத்துக் கொடுத்து. அப்புறம், "அந்த எடின்பரோக்காரியே மேடை குடுக்கறாளா? ஏறு. இப்ப எழுதின மாதிரியே சொல்லு, நீரூத்துலேர்ந்து ஆரம்பி," என்றாள்.

அதனால் நீங்கள் நோயாளி ஆக வேண்டாம். புதன்கிழமை பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்காருங்கள், நான் நிறுத்திவிட்டால் பலமாக இருமுங்கள். பயம் அப்படியேதான் இருக்கிறது. இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடவா என்று கேட்டதற்கு, தபால்தலை ஒட்டியாகிவிட்டது, வீணாக்காதே என்றாள். இப்போது கீழே அவள் என் பள்ளிக் காலணிக்குப் பாலிஷ் போடும் சத்தம் கேட்கிறது. காலையில் முதல் வேலையாகக் கூடத்துக்குப் போய், அந்த மைக் என் வாய் வரைக்கும் இறங்குமா என்று பார்க்கப் போகிறாளாம்.