கிருபையில் ஓர் எழுத்துப்பிழை

உலகில் கிருபை என்ற ஒன்று எங்காவது மிச்சமிருக்கிறது என்றால், அது எங்கள் கல்லூரி ஆங்கிலத் துறையின் இரண்டாம் மாடியில்தான் இருக்கிறது. துறைத்தலைவர் இருபத்திரண்டு ஆண்டுகளாக அதைப் பூட்டிப் பாதுகாத்து வருகிறார். பழைய அமெரிக்கக் கதைக்கவிதைகளில் பாவமும் மன்னிப்பும் எந்த வரியில் வருகின்றன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அவருக்குக் கீழே விரிவுரையாளனாக இருப்பது என் பாக்கியம்.

சென்ற மாதம் அவர் ஒரு மாபெரும் கருத்தரங்கைக் கூட்டினார். தலைப்பு, 'அமெரிக்கக் கதைக்கவிதைகளில் கிருபை'. அழைப்பிதழை அடித்தவர் எங்கள் துறையின் தட்டச்சர். ஆறு வருடமாக அந்த அம்மா 'தற்காலிகம்'. நிரந்தரமாக்கும் கோப்பு தலைவரின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. கணினி தானாகவே பிழை திருத்தியதில் 'கிருபை' 'கருப்பை' ஆகிவிட்டது. முந்நூறு அழைப்பிதழ்களும் அச்சாகித் தபாலில் போய்விட்டன.

கருத்தரங்கு அன்று முதல் ஆளாக வந்தவர் ஒரு மகப்பேறு மருத்துவர்.

"நாப்பது ஸ்லைடு கொண்டுவந்திருக்கேன். கவிஞர்களுக்கு இதுல இவ்வளவு அக்கறைன்னு தெரியாமப் போச்சு" என்றார்.

தலைவர் அப்போதுதான் அழைப்பிதழை 'ஊன்றி' வாசித்தார். அங்கேயே விசாரணைக் குழு அமைந்தது. அவர் தலைவர், நான் செயலர். வந்தவரை வீணாக்க வேண்டாமென்று மருத்துவர் 'வெளி உறுப்பினர்' ஆனார்.

தட்டச்சர் வந்து நின்றார்.

"இது பிறவியிலேயே ஒட்டிக்கிட்ட ஜென்மபாவமா, நீங்களா செஞ்ச கர்மபாவமா?" என்று கேட்டார் தலைவர்.

"எழுத்துப்பிழை சார்."

"மனசார வருந்துறீங்களா?"

"வருந்துறேன் சார். ஆனா அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி உங்ககிட்டதான் காட்டினேன். சரின்னு கையெழுத்துப் போட்டீங்க."

தாளை நீட்டினார். 'கருப்பை'க்கு நேர் கீழே, பச்சை மையில், ஒரு சுழிகூடக் குறையாமல் தலைவரின் கையெழுத்து. அவர் அதைப் போடும்போது பக்கத்தில் நின்றவன் நான்.

"அப்புறம் என்ன? பாவம், விட்டுடுங்க" என்றார் மருத்துவர்.

"பாவம்ங்கறதாலதான் விட முடியாது டாக்டர். நான் நடத்துற கவிதைகள்ல குத்தமில்லாத ஒருத்தர் மத்தவங்க பாவத்தைச் சுமப்பாங்க. அப்பத்தான் அங்க கிருபை பிறக்கும்."

"பிறக்கிறது என் துறை சார். வலி யாருக்குன்னு எனக்குத் தெரியும்" என்று மடிக்கணினியை எடுத்துக்கொண்டு மருத்துவர் கிளம்பிவிட்டார்.

மதியத்துக்குள் தட்டச்சர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். மன்னிப்புக் கடிதத்தை அவரே அடித்தார். அதில் ஒரு பிழையும் இல்லை. இழுப்பறையிலிருந்து குடையையும் தண்ணீர்ப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு என் மேசையருகே நின்றார்.

"சார், அவர் கையெழுத்துப் போட்டப்ப நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?"

"இருந்தேம்மா" என்றேன். குறிப்பேட்டில் எழுதத் தேவையில்லாத இடத்தில் நான் உண்மையே பேசுவேன்.

பிற்பகல் கருத்தரங்கில் தலைவர் மன்னிப்பைப் பற்றிப் பேசியபோது அவர் குரல் தழுதழுத்தது. முன்வரிசையில் இருவர் கண்ணைத் துடைத்தார்கள். நான் விசாரணைக் குறிப்பை எழுதி முடித்தேன். பச்சை மைத் தாளைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. என் பதவி உயர்வுக் கோப்பும் அவருடைய மேசையில்தான் கிடந்தது. மறுவாரம் கையெழுத்தாகி வந்துவிட்டது.

தகுதியே இல்லாதவனுக்குக் கிடைப்பதுதான் கிருபை என்று தலைவர் வகுப்பில் சொல்வார். இதைவிடத் தெளிவாக யாராலும் அதை நடத்திக் காட்ட முடியாது.